எட்டு மணி நேரத்துக்கு மேல்: நெல்லைச் சீமை முதலாளிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் கூடுதல் நேர வேலை, அதாவது எல்லோரும் சொல்லும் ‘ஓ.டி.’ பற்றியவை. முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறோம். குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஊதியப் பட்டுவாடாச் சட்டம், போனஸ் சட்டம், சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடைகளின் வேலை நேரத்தைச் சொல்வது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அது மாநிலச் சட்டம் என்பதால் அப்படியே இருக்கிறது. கடை வைத்திருப்பவர் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: டவுன் ரத வீதிப் பக்கம் எங்கள் ஜவுளிக்கடை. 14 பேர் வேலை பார்க்கிறார்கள். காலை 9.30-க்குத் திறந்து இரவு 9.30-க்கு அடைப்போம். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் 11 மணி ஆகிவிடும். அந்த நாட்களில் ஆளுக்கு 100 ரூபாய் பேட்டாவும் ராத்திரிச் சாப்பாடும் கொடுக்கிறோம். இது போதாதா?

*ஜவுளிக்கடை உரிமையாளர், திருநெல்வேலி டவுன்*

பதில்: போதாது. தீபாவளிக்கு மட்டுமல்ல, சாதாரண நாளிலும் உங்கள் கடை நேரம் சட்டத்தைத் தாண்டித்தான் நிற்கிறது. கணக்கைப் பாருங்கள்.

கடைச் சட்டப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரம் வேலை. ஓ.டி. கொடுத்து அதற்கு மேலும் வேலை வாங்கலாம், ஆனால் ஓ.டி.யையும் சேர்த்து ஒரு நாளில் 10 மணி, ஒரு வாரத்தில் 54 மணி என்பது உச்சவரம்பு. 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். வந்த நேரத்திலிருந்து போகும் நேரம் வரை, ஓய்வையும் ஓ.டி.யையும் சேர்த்து, 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

9.30-க்கு வந்து 9.30-க்குப் போகும் ஆளுக்கு மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாலும் வேலை 11 மணி நேரம் வருகிறது. வரம்பு 10. தீபாவளி நாளில் 11 மணிக்குப் போனால் மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம், அதில் வேலை பன்னிரண்டரை. இந்த அதிக நேரத்துக்கு இரட்டைக் கூலியே கொடுத்தாலும் மீறல் மீறல்தான். பணம் கொடுத்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திவைக்கலாம் என்று பல கடைகளில் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பலரும் தவறவிடுவது வார வரம்பை. ஒரு நாளுக்கு 2 மணி நேரம் ஓ.டி. போடலாம் என்று ஆறு நாளும் போட்டால் 60 மணி நேரம் ஆகிவிடும். வாரத்துக்கு 6 மணி நேர ஓ.டி.தான் இடமுண்டு. மூன்று நாள் பத்து மணி நேரம், மூன்று நாள் எட்டு மணி நேரம் என்று பிரியுங்கள். அல்லது தினம் ஒரு மணி நேரம்.

கடையை இரவு 9.30 வரை திறந்துவைக்க வழி ஆட்களை இரண்டு செட்டாகப் பிரிப்பதுதான். முதல் செட் 9.30 முதல் 6.30 வரை, சாப்பாட்டு ஓய்வு 1.30 முதல் 2.30. இரண்டாவது செட் 12.30 முதல் 9.30 வரை, ஓய்வு 4.30 முதல் 5.30. எல்லோருக்கும் எட்டு மணி நேரம் வருகிறது. கூட்டம் ஏறும் மாலை 5.30-லிருந்து ஒரு மணி நேரம் இரண்டு செட்டும் தளத்தில் இருக்கும். தீபாவளி நெருக்கத்தில் வாரம் மூன்று நாள் முதல் செட்டை 8.30 வரை நிறுத்தலாம். இரண்டாவது செட்டை 10.30-க்கே வரச் சொல்லலாம், ஓய்வை 2.30-க்கு மாற்றி. 11 மணி வரை கடை திறந்திருக்க வேண்டுமானால் இரண்டாவது செட் தாமதமாக வர வேண்டும், அல்லது சீசனுக்குக் கூடுதல் ஆள் எடுக்க வேண்டும். வேறு வழியில்லை.

இனி கூலி. உதாரணத்துக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,600 ரூபாய் வாங்குகிறவர். மாதத்தின் வேலை நாட்கள் 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600. எட்டால் வகுத்தால் மணிக்கு 75. ஓ.டி. இரட்டைக் கூலி என்பதால் மணிக்கு 150. வாரம் 6 மணி நேரத்துக்கு 900 ரூபாய். நீங்கள் கொடுக்கும் 100 ரூபாய் பேட்டா ஒரு மணி நேர ஓ.டி.க்கே காணாது. சாப்பாடு நல்ல காரியம், விடாதீர்கள். ஆனால் அது கூலிக் கணக்கில் வராது.

இன்னொன்று. ஷட்டரைப் பாதி இறக்கியபின் கவுன்டரில் மலைபோலக் கிடக்கும் சேலைகளை மடித்து அலமாரியில் ஏற்ற அரை மணி நேரம் ஆகிறது. கல்லாக் கணக்கு முடியும் வரை பெண்கள் பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்கள். இந்த நேரம் முழுக்க வேலை நேரம். ஓ.டி. பேச்சில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸை விட்ட பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் என்ன விலை என்று கடைக்காரர்கள் யோசிக்க வேண்டும். கடை நேரத்தை 9 மணிக்கு முடித்து, மடிப்பு வேலையை 9.30-க்குள் அடக்குவது நல்லது.

நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் இதே சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஸ்டூல் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முறைப்பது இருக்கை கொடுத்ததாக ஆகாது.

கேள்வி: அல்வா, மிக்சர் போடுகிற சிறிய கடை. மாஸ்டரும் உதவியாள் நான்கு பேரும். காலை 4 மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் 10 மணிக்குக் கிண்டி இறக்கிவிடுவார்கள். பிறகு சும்மாதான் இருப்பார்கள். சாயங்காலம் 4 முதல் 8 வரை சுடச்சுட வியாபாரம், அதற்கு நிற்பார்கள். பார்த்தால் பத்து மணி நேரம்தானே?

*இனிப்புக்கடை உரிமையாளர், பாளையங்கோட்டை*

பதில்: வேலை பத்து மணி நேரம் என்பது சரியாக இருக்கலாம். ஆனால் காலை 4 மணி முதல் இரவு 8 மணி வரை 16 மணி நேரம் விரிகிறது. 12-தான் எல்லை. நடுவில் ஆறு மணி நேரம் விட்டாலும் அந்த ஆளின் நாள் முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். இப்படி நாளை இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த எல்லையே. கிண்டுகிறவர் வேறு, மாலையில் தராசில் நிற்கிறவர் வேறு என்று பிரித்துவிடுங்கள். காலை 4 மணிக்கு வந்தவர் எட்டு மணி நேர வேலையும் ஒரு மணி நேர ஓய்வுமாக மதியம் 1 மணிக்குப் போய்விட வேண்டும்.

அந்த ‘சும்மா’ என்ற சொல்லையும் சரிபார்க்க வேண்டும். கோதுமையை அரைத்துப் பால் எடுத்துத் தெளியவிட்டால், மேலே நிற்கும் நீரை வடிக்க ராத்திரி ஒருவர் வர வேண்டும். கிண்டும்போது நெய் பிரிந்து வரும் வரை அடுப்படியை விட்டு நகர முடியாது. காத்திருக்கிறார்தான், ஆனால் உங்களுக்காகக் காத்திருக்கிறார். கூப்பிட்டால் உடனே வர வேண்டும், இடத்தைவிட்டுப் போக முடியாது என்றால் அது வேலை நேரம். வீட்டுக்கோ டீக்கடைக்கோ தன் விருப்பப்படி போய்வர முடிந்தால்தான் ஓய்வு. கடை மாடியில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவரை ‘கொஞ்சம் எழுந்து நீரை வடிச்சிரு’ என்று எழுப்பினால், அந்த இருபது நிமிடத்தையும் எழுத வேண்டும். எட்டு மணி நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும், மணியின் ஒரு பகுதிக்கும் கூலி உண்டு என்பது சட்டத்தின் வாசகம். சில சம்பள மென்பொருள்களில் ‘30 நிமிடத்துக்குக் குறைந்தால் பூஜ்யம்’ என்று அமைத்து வைத்திருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலையில் சேரும்போதே ‘எல்லாம் சேர்த்து மாதம் 16,000, ஓ.டி. கேட்க மாட்டேன்’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிடுகிறோம். ஆடிட்டர் சொன்னபடி அடிப்படைச் சம்பளம் 6,000, மீதி வீட்டு வாடகை, பயணம், இதர படி என்று பிரித்திருக்கிறோம். சரிதானே?

*ஹார்டுவேர் வியாபாரி, தென்காசி*

பதில்: முத்திரைத்தாள் பயன்படாது. சட்டம் தரும் கூலியையோ ஓ.டி.யையோ விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தால், அந்த ஒப்பந்தமே செல்லாது. அவர் மனதார எழுதிக் கொடுத்தாரா என்ற கேள்வியே எழாது. அதைவிட மோசமான விளைவு ஒன்றுண்டு: ஓ.டி. நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்தத் தாளே சாட்சியாகிவிடும்.

சம்பளத்தைப் பிரித்த விதமும் இனி உதவாது. ஊதியச் சட்டத் தொகுப்பின் புதிய விளக்கப்படி ஊதியம் என்பது அடிப்படை, பஞ்சப்படி, தக்கவைப்புப் படி (வேலை இல்லாத காலத்திலும் ஆளை விடாமல் வைத்திருக்கக் கொடுப்பது). வாடகை, பயணம் போன்றவை அதில் சேராது. ஆனால் அப்படிச் சேராதவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் கணக்கில் படிகள் 10,000. பாதி 8,000. தாண்டியது 2,000. ஆக ஊதியம் 6,000 அல்ல, 8,000.

அந்த 8,000-மும் தப்பிக்க வைக்காது. உங்கள் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்கு அது கீழே இருந்தால், வாடகைப்படியைக் காட்டி நிரப்ப முயல்வது உங்களைத்தான் சிக்கவைக்கும். தமிழ்நாட்டில் தொழில்வாரியாகக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கிறார்கள். அதன் பஞ்சப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்த்து ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். ‘போன வருஷத் தாள்’ வைத்துக் கணக்குப் போடுகிற கடைகள்தான் அதிகமாக மாட்டுகின்றன. மார்ச் கடைசியில் ஒரு நாளை ஒதுக்கிப் புதிய அறிவிப்பைத் தேடி எடுங்கள். அடிப்படையையும் பஞ்சப்படியையும் நேர்மையாக வைத்து, படிகளைக் குறைத்துவிடுவதே தலைவலி இல்லாத வழி.

கேள்வி: அப்பளம் போடுகிறோம். பன்னிரண்டு பெண்கள் வருகிறார்கள். கிலோ கணக்கில் கூலி. மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் காயவைக்க முடியாது; வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம். இப்படிச் செய்வது சரிதானா?

*அப்பளத் தயாரிப்பாளர், கல்லிடைக்குறிச்சி*

பதில்: அம்மா, கிலோ கணக்கில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எட்டு மணி நேரம் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு, கிலோ கூலியைக் கூட்டிப் பார்த்தால் அறிவிக்கப்பட்ட நாள் கூலிக்குக் குறையக் கூடாது. கைப்பழக்கம் வராத புதிய பெண்ணுக்குப் பெரும்பாலும் குறையும். அப்போது மீதியை நீங்கள் நிரப்ப வேண்டும். இது தெரிய, எத்தனை கிலோ என்பதோடு எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்பதையும் எழுத வேண்டும். கிலோ மட்டும் எழுதிய நோட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

மழை விஷயம் முக்கியம். வேலைக்குத் தயாராக வந்தவருக்கு நீங்கள் வேலை கொடுக்காததால் நேரம் குறைந்தால், முழு நாளுக்கான கூலி அவருக்கு உரியது. அவரே விருப்பமில்லாமல் போனால்தான் விதிவிலக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள். வந்தபின் மழை பிடித்தால் மாவு சலிக்க, பாக்கெட் போட, எடை பார்க்க என்று உள்வேலை வைத்திருங்கள். எதுவும் இல்லையென்றால் நாள் கூலி கொடுத்து அனுப்புங்கள். குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, வெறுங்கையோடு திரும்புகிறவருக்கு அந்த நாளில் வேறு வேலைக்குப் போக வழியில்லை.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்திலிருந்து பீடி பற்றி எழுதியவர்களுக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. இலை பத்தாமல் தொழிலாளி தன் காசில் இலை வாங்கிச் சுற்றினால், அந்தச் செலவைக் கழித்துத்தான் ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கையில் நின்றது என்று பார்க்க வேண்டும். புத்தகத்தில் எழுதிய கூலி சரியாக இருந்தும் கையில் கிடைத்தது குறைந்தால், அது குறைந்த கூலிதான்.

கேள்வி: பத்து நிமிஷம் லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் கட். மாசக் கடைசியில் ஸ்டாக் குறைந்தால் எல்லோர் சம்பளத்திலும் பங்குபோட்டுப் பிடிப்போம். அப்போதான் பொறுப்பு வரும் என்கிறார் எங்கள் மேனேஜர்.

*சூப்பர் மார்க்கெட் உரிமையாளர், அம்பாசமுத்திரம்*

பதில்: இரண்டும் தவறு. வேலைக்கு வராத நேரத்துக்கு மட்டுமே, அந்த விகிதத்தில், பிடிக்கலாம். மணிக்கு 75 ரூபாய் வாங்குகிறவரிடம் பத்து நிமிடத்துக்குப் பிடிக்கக்கூடியது 12 ரூபாய் 50 காசு. அரை நாள் என்று 300 ரூபாய் பிடித்தால், மீதி 287 ரூபாய் 50 காசு அனுமதியில்லாத பிடித்தம்.

அபராதம் போட்டுத்தான் தீர வேண்டுமானால் அதற்குத் தனி வழி உண்டு. எந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அரசின் ஒப்புதல் பெற்ற அறிவிப்பு கடையில் ஒட்டியிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15,600-க்கு 468 ரூபாய். தவணையாகப் பிடிக்கக் கூடாது, 90 நாள் கழிந்தபின் பிடிக்கக் கூடாது. பிடித்த பணம் கல்லாவுக்குப் போகக் கூடாது. பதிவேட்டில் எழுதி, தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க வேண்டும். இவ்வளவையும் பார்த்தபின், லேட்டாக வருகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது எளிது என்று புரியும். ஒரே பஸ்ஸில் வருகிற மூன்று பேர் தினமும் பத்து நிமிடம் தாமதம் என்றால், அவர்கள் நேரத்தைக் கால் மணி தள்ளிவைத்துவிடலாமே.

ஸ்டாக் குறைவை எல்லோருக்கும் பங்குபோடுவது கூடவே கூடாது. ஒருவர் பொறுப்பில் நேரடியாக ஒப்படைத்த பொருள், அவரது கவனக்குறைவால் தொலைந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும், விளக்கம் கேட்டபின், இழப்பின் அளவுக்குள் பிடிக்கலாம். பாலில் வந்த குறைவுக்குச் சோப்பு அலமாரிப் பெண்ணைப் பிடிக்க முடியாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மேனேஜர் என்று எழுதியிருக்கிறீர்கள். பல கடைகளில் பில் போடுகிற பையனுக்கும் ‘ஃப்ளோர் மேனேஜர்’ என்று அட்டை மாட்டிவிட்டு ஓ.டி. இல்லை என்கிறார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குக் கடைச் சட்டத்தில் விலக்கு உண்டுதான். ஆனால் ஆள் எடுக்க, லீவு கொடுக்க, முடிவெடுக்க அதிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, அட்டையைப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: புதிய சட்டங்கள் வந்துவிட்டதால் 12 மணி நேர ஷிப்ட் போடலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. 30 பேர் உள்ள எங்கள் லேத் பட்டறையில் மாற்றலாமா?

*பொறியியல் தொழிற்கூட உரிமையாளர், பேட்டை*

பதில்: மாற்ற வேண்டாம். புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலேயே ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் என்றால் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டைக் கூலி வேண்டும். மின்சாரம் பயன்படுத்தி 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்பதால் சட்டப்படி உங்கள் பட்டறை ஒரு தொழிற்சாலை. நம் மாநிலத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, அந்த மே தினத்தன்றே திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பழைய செய்திதான் இன்னும் சுற்றுகிறது போலும். லேத்தில் பதினோராவது மணி நேரத்தில் நிற்கிறவரின் கை எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: செங்கல் சூளைக்கு வெளியூர்க் குடும்பங்களை முன்பணம் கொடுத்துக் கூட்டிவருகிறோம். கணக்கு முடியாமல் பாதியில் போகிறேன் என்கிறார்கள். விடாமல் இருக்கலாமா? பஸ் செலவும் நாங்கள்தான் கொடுத்தோம்.

*சூளை உரிமையாளர், சேரன்மகாதேவி வட்டாரம்*

பதில்: தடுத்து நிறுத்தவே கூடாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வைத்தால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். கோட்டாட்சியர் வந்து குடும்பத்தை மீட்டுக்கொண்டு போவார். அந்தக் கடனும் அத்தோடு ரத்தாகும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முன்பணத்தைக் கூலியிலிருந்து பிடிக்கலாம், ஊதியத்தில் பாதி என்ற வரம்புக்குள். ஆனால் வேலைக்கு வருவதற்கான பயணச் செலவாகக் கொடுத்ததைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்த பஸ் காசை மறந்துவிடுங்கள்.

இன்னொரு தவறும் சூளைகளில் நடக்கிறது. கணவன், மனைவி இருவரும் மண் மிதித்து அச்சு வார்க்க, கணக்கு கணவன் பெயரில் மட்டும் ஓடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர், தனிக்கூலி, தனிக் கையெழுத்து வேண்டும். 14 வயது நிரம்பாத பிள்ளை ஒரு கல்லைக்கூடத் திருப்பிப்போடக் கூடாது. அச்சு போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே குடிசை என்பதால் ‘விளையாடுது’ என்பார்கள். கையில் மண் இருந்தால் அந்தப் பேச்சு நிற்காது.

கேள்வி: சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட பையனுக்கு 11 நாள் சம்பளம் பாக்கி. கொடுக்க வேண்டுமா?

*மருந்துக்கடை, சங்கரன்கோவில்*

பதில்: வேலை செய்த நாளுக்குக் கொடுத்தாக வேண்டும். ராஜினாமா செய்தாலும் நீங்கள் நீக்கினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். வங்கிக் கணக்கு இருந்தால் அன்றே போட்டுவிடுங்கள். வேலையில் தொடர்கிறவரின் மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்.

கேள்வி: ஆனித் தேரோட்டத்தன்று கடை திறந்தால் இரட்டைச் சம்பளமா?

*பாத்திரக்கடை, திருநெல்வேலி சந்திப்பு*

பதில்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. நெல்லையப்பர் தேரோட்டம் அந்த ஐந்தில் இருந்தால், அன்று வேலை பார்த்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது ஒரு நாள் சம்பளமும் மாற்று விடுமுறையும். எது வேண்டும் என்று அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாரவிடுமுறை இந்தக் கணக்கில் சேராது, அது தனி.

கேள்வி: மூன்றே பேர் உள்ள பலசரக்குக் கடை. இத்தனை பதிவேடு எழுத ஆள் இல்லை. ஏதாவது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்துக் கடை அண்ணாச்சி.

*மளிகைக்கடை, வள்ளியூர்*

பதில்: வந்தபின் பார்க்க முடியாது, காரணம் சொல்கிறோம். கூலி வரவில்லை என்று தொழிலாளி கேட்டால், கொடுத்தேன் என்று நிரூபிப்பது முதலாளியின் வேலை. கேட்க மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. மணிக்கு 75 ரூபாய் வாங்குகிறவருக்கு, இரட்டைக் கூலியான 150 கணக்கில், தினம் 2 மணி நேர ஓ.டி. 26 நாள் விட்டுப்போனால் மாதம் 7,800. மூன்று வருடத்துக்கு 2,80,800. ஒரே ஆளுக்கு. அதன்மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. குறைத்துக் கொடுத்ததற்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் நடந்தால் மூன்று மாதச் சிறை வரை போகும்.

மூன்று பேருக்குக் கோடு போட்ட ஒரு நீள நோட்டில் தொடங்குங்கள். தேதி, வந்த மணி, சாப்பாட்டுக்குப் போன மணி, திரும்பிய மணி, போன மணி, ஓ.டி. நிமிடம், கையெழுத்து. ஏழு கட்டம். வந்ததும் அவரே அவர் கையால் எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், முப்பது நாளும் 9.00, 6.00 என்று நிரப்பிய நோட்டை ஆய்வுக்கு வருகிறவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார். சம்பளத்தன்று இன்னொரு பக்கத்தில் அடிப்படை, பஞ்சப்படி, ஓ.டி., பிடித்தம், கையில் கொடுத்தது என்று எழுதி ஒரு நகலைச் சம்பளச் சீட்டாக அவருக்குக் கொடுத்துவிடுங்கள். முறையான படிவங்களைத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேட்டு, இந்த நோட்டிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

நோட்டைப் பொய்யாக்குவது பெரும்பாலும் பில் மெஷின்தான். நோட்டில் 9.30-க்குக் கடை அடைத்ததாக இருக்கும். மெஷினில் கடைசி பில் 9.52 என்று நிற்கும். கேமரா இருந்தால் அதுவும் அதையே சொல்லும். ராத்திரி கல்லாவை மூடும்போது கடைசி பில்லின் நேரத்தைப் பாருங்கள், நோட்டிலும் அதையே எழுதச் சொல்லுங்கள். 22 நிமிடம் கூடுதல் என்றால், மணிக்கு 150 கணக்கில் 55 ரூபாய். அதை அந்த மாதச் சம்பளத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.